முடிவை வெளியிட யாருக்கு உரிமை? மருந்து ஆய்வு ஒப்பந்தத்தை வாசிக்கக் கற்றுக்கொள்வோம்

புதிய மருந்தை நோயாளிகளிடம் சோதிக்கும் ஆய்வுக்குப் பெரும்பாலும் பணம் தருவது, அந்த மருந்தைத் தயாரிக்கும் நிறுவனமே. ஆய்வை நடத்துவது மருத்துவமனையும் அங்குள்ள மருத்துவர்களும். மருந்து வேலை செய்ததா இல்லையா என்பது தெரிந்த பிறகு, அதை ஊருக்குச் சொல்லும் உரிமை யாருக்கு? ஆய்வாளருக்குத்தான் என்று பலரும் இயல்பாக நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் முதல் நோயாளி சேர்வதற்கு முன்பே கையெழுத்தான ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் செல்லும்.

சில சொற்களை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். பணம் தந்து ஆய்வுக்குப் பொறுப்பேற்கும் நிறுவனம் ஸ்பான்சர். ஆய்வு நடக்கும் மருத்துவமனை ஆய்வு மையம். அங்கே ஆய்வுக்குத் தலைமை தாங்கும் மருத்துவர் முதன்மை ஆய்வாளர். என்ன செய்ய வேண்டும், எப்போது அளக்க வேண்டும் என்று விவரிக்கும் ஆவணம் புரோட்டோகால். ஸ்பான்சரும் மையமும் போட்டுக்கொள்வது ஆய்வு ஒப்பந்தம். பல நேரங்களில் இந்த ஒப்பந்தத்தில் முதன்மை ஆய்வாளர் ஒரு தரப்பே அல்ல. "படித்துப் புரிந்துகொண்டேன்" என்று மட்டும் கடைசிப் பக்கத்தில் கையெழுத்திடுகிறார். கட்டுரை எழுதப்போகிறவர் அவர், அதற்கான நிபந்தனைகளைப் பேசி முடிப்பது மருத்துவமனையின் ஒப்பந்தப் பிரிவு. பாதிச் சிக்கல் இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

உரிமை கையில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது தைராய்டு மருந்தான லெவோதைராக்சின் பற்றிய ஆய்வு. சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பெட்டி டாங் அதை நடத்தினார். விலை கூடிய பிராண்ட் மருந்தும் விலை குறைந்த மாற்றுகளும் ஒரே அளவில் பயன் தருகின்றன என்பது முடிவு. பணம் கொடுத்தது அந்த பிராண்டின் நிறுவனம். எழுத்து வடிவ ஒப்புதல் இல்லாமல் எதையும் வெளியிடக்கூடாது என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தது. ஆய்வு 1990-இல் முடிந்தது. அமெரிக்க மருத்துவ இதழான ஜாமா கட்டுரையை ஏற்றுக்கொண்டு 1995 ஜனவரியில் அச்சிட இருந்த நிலையில், அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. கடைசியில் கட்டுரை வெளிவந்தது 1997 ஏப்ரலில். அந்த ஏழு ஆண்டுகளைத் தின்றது ஒற்றை வரி.

ஒரு கட்டுரை தடைபடுவது எல்லோர் கண்ணிலும் படும். வெளிவராமலே போனவை கண்ணில் படுவதில்லை. மனச்சோர்வுக்கான 12 மருந்துகளைப் பற்றி அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ.விடம் பதிவான 74 ஆய்வுகளை 2008-இல் ஒரு குழு சரிபார்த்தது. மருந்துக்குச் சாதகமாக முடிந்த 38 ஆய்வுகளில் 37 வெளியாகியிருந்தன. மற்ற 36-இல் 22 வெளிவரவே இல்லை, 11 சாதகமான முடிவு போலத் தோன்றும்படி எழுதப்பட்டிருந்தன, உள்ளபடி வெளியானவை 3 மட்டுமே. கட்டுரைகளை மட்டும் படித்து மருந்து எழுதும் மருத்துவருக்கு அந்த மருந்துகள் உண்மையைவிடச் சிறந்தவையாகவே தெரிந்திருக்கும்.

ஸ்பான்சர் பக்கமும் நியாயமான கவலைகள் உண்டு. புதிய கண்டுபிடிப்பு ஏதாவது இருந்தால், அது வெளியே தெரியும் முன் பேட்டன்ட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பல நாடுகளில் ஒருமுறை பொதுவெளிக்கு வந்துவிட்டால் பேட்டன்ட் கிடைக்காது. மருந்தின் தயாரிப்பு முறை போன்ற உண்மையான தொழில் ரகசியங்கள் தவறுதலாகக் கட்டுரையில் நுழைந்துவிடக்கூடாது. 60 மையங்களில் நடக்கும் ஆய்வில் ஒரு மையம் தன் 15 நோயாளிகளை மட்டும் வைத்து முந்திக்கொண்டு எழுதினால், அது படிப்பவர்களைத் தவறான பக்கம் திருப்பிவிடும். இந்த மூன்றுக்கும் ஒப்பந்தத்தில் இடம் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். இந்தக் கவலைகள் எதற்கும் தடுக்கும் அதிகாரம் தேவையில்லை, கால அவகாசம் போதும். பேச்சுவார்த்தை முழுவதிலும் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் வழி தவறாது.

பார்வையிடலாம், தடுக்க முடியாது

வெளியீட்டுப் பகுதியில் முதலில் தேட வேண்டிய சொல் "ஒப்புதல்". "ஸ்பான்சரின் முன் ஒப்புதல் பெற்றே வெளியிட வேண்டும்" என்றிருந்தால் ஆய்வாளருக்கு உரிமை இல்லை. அடுத்த வரியில் "ஒப்புதல் நியாயமின்றி மறுக்கப்படாது" என்று சேர்த்திருந்தாலும் நம்பக்கூடாது. எது நியாயம் என்பதை நீதிமன்றம் சொல்லும்வரை கட்டுரை மேசையில்தான் கிடக்கும். கேட்க வேண்டிய வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"வெளியிட விரும்பும் வரைவை, இதழுக்கு அனுப்புவதற்கு 45 நாட்களுக்கு முன் ஆய்வாளர் ஸ்பான்சரிடம் தருவார். ஸ்பான்சர் சொல்லும் கருத்துகளை நல்லெண்ணத்துடன் பரிசீலிப்பார். அவற்றை ஏற்பதா வேண்டாமா என்பதை ஆய்வாளரே முடிவு செய்வார். அந்தக் காலத்துக்குள் பதில் வராவிட்டால் வெளியிடத் தடையில்லை."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பதிலே சொல்லாமல் இருப்பதும் ஒரு தடுப்பு முறைதான்.

நாள் கணக்கில் 30 முதல் 60 வரை சாதாரணம். 90 என்றால் குறைக்கச் சொல்லலாம். மாநாட்டுக்கான சுருக்கத்துக்கும் அதே 60 நாள் வைத்தால் எந்த மாநாட்டின் கடைசித் தேதியும் தவறிவிடும். அதற்குத் தனியாக 10 அல்லது 15 நாள் கேளுங்கள். பேட்டன்ட்டுக்காகக் கூடுதல் தாமதம் கேட்டால் 60 நாள்வரை கொடுக்கலாம், தற்காலிக விண்ணப்பம் எழுதிப் போட அது தாராளம். ஆனால் கூட்டுத்தொகைக்கு ஓர் உச்சவரம்பு எழுதப்பட வேண்டும்: 45 நாளும் 60 நாளும் சேர்ந்து, வரைவு ஸ்பான்சர் கையில் கிடைத்த நாளிலிருந்து 105 நாளுக்கு மேல் போகாது என்று.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது, எப்போது மீண்டும் பூஜ்ஜியத்துக்குப் போகிறது என்பதைப் பலர் பார்ப்பதில்லை. "திருத்திய ஒவ்வொரு வரைவும் மறுபார்வைக்கு உட்பட்டது" என்று ஒரு வரி இருக்கும். இதழின் மதிப்பீட்டாளர்கள் கேள்வி எழுப்பி, சில வாரங்களில் திருத்தி அனுப்பச் சொல்வார்கள். அந்தத் திருத்தத்துக்கும் 45 நாள் காத்திருந்தால் இதழ் கதவைச் சாத்திவிடும். ஆகவே, முன்பு காட்டாத புதிய தரவு சேர்ந்தால் மட்டுமே மறுபார்வை என்றும், அதற்கும் 7 நாள்தான் என்றும் எழுதி வாங்குங்கள்.

பல மையங்கள், ஒரு கட்டுரை

பல மையங்களில் நடக்கும் ஆய்வில், எல்லாத் தரவையும் சேர்த்த கூட்டுக் கட்டுரை முதலில் வர வேண்டும், அதுவரை தனி மையம் பொறுத்திருக்க வேண்டும் என்பது சரியான ஏற்பாடு. அறிவியலுக்கும் அதுவே நல்லது. ஆனால் கூட்டுக் கட்டுரை வராமலே போனால்? அதற்காகத்தான் கடைசித் தேதி. கூட்டுக் கட்டுரை வெளியாகும் நாள், அது வராது என்று ஸ்பான்சர் எழுதித் தரும் நாள், ஆய்வு முடிந்து 12 (அல்லது 18) மாதம் ஆகும் நாள் ஆகிய மூன்றில் எது முந்துகிறதோ அன்றே மையத்துக்கு உரிமை வந்துவிடும் என்று இருக்க வேண்டும்.

"ஆய்வு முடிந்து" என்ற இரண்டு சொற்களில்தான் பெரும்பாலும் வழுக்குகிறது. இறுதி அறிக்கை தயாராகும் நாளா? ஸ்பான்சர் அறிவிக்கும் நாளா? அவற்றை எவ்வளவு வேண்டுமானாலும் தள்ளிப்போடலாம். யாரும் நகர்த்த முடியாத ஒரு நிகழ்வைப் பிடியுங்கள்: எல்லா மையங்களிலும் கடைசி நோயாளியின் கடைசி வருகை. பாதியில் நிறுத்தப்படும் ஆய்வுக்கு அப்படி ஒரு நாள் வராமலே போகலாம் என்பதால், "அல்லது ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்ட நாள்" என்று சேர்ப்பது அவசியம். வியாபாரக் காரணத்துக்காகக் கைவிடப்படும் மருந்துகளின் தரவு காணாமல் போவது இந்த ஓட்டை வழியாகத்தான்.

மறுபார்வைக் காலம் இந்தக் காத்திருப்புக்குள்ளேயே ஓடலாம் என்றும் கேளுங்கள். 18 மாதம் கடைசி எல்லை என்றால், 16-ஆம் மாதமே வரைவைக் கொடுத்துவிட்டு 18 நிறைந்த மறுநாள் இதழுக்கு அனுப்பலாம். இதைச் சொல்லாமல் விட்டால் 18 மாதம் முடிந்தபின் 45 நாள், அதன்பின் 60 நாள் என்று நீளும். 24 மாதம், 36 மாதம் கேட்கும் ஸ்பான்சரிடம் உலக சுகாதார நிறுவனத்தின் 2015 அறிக்கையைக் காட்டலாம்: ஆய்வு முடிந்த 12 மாதத்துக்குள் முக்கிய முடிவுகளை இதழுக்கு அனுப்ப வேண்டும், 24 மாதத்துக்குள் அவை பொதுவெளியில் கிடைக்க வேண்டும் என்கிறது அது.

உண்மையான பூட்டு வேறு பக்கத்தில் இருக்கிறது

வெளியீட்டுப் பகுதியை மட்டும் படித்துவிட்டுத் திருப்தியாகக் கையெழுத்திடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. அந்தப் பகுதி எவ்வளவு தாராளமாக இருந்தாலும், ரகசியக் காப்புப் பகுதியில் "ரகசியத் தகவல்" என்பதற்கு என்ன பொருள் தரப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். "ஸ்பான்சர் தரும் எல்லாத் தகவலும், ஆய்வில் உருவாகும் எல்லாத் தரவும் முடிவுகளும்" என்று இருந்தால் கதை முடிந்தது. வெளியிட உரிமை உண்டு, ஆனால் ரகசியத் தகவலை வெளியிடக்கூடாது. முடிவுகளே ரகசியம் என்றால் வெளியிட என்ன மிஞ்சும்?

சரிசெய்ய ஒரு வரி போதும்: "ஆய்வு முடிவுகளும், அவற்றைப் புரிந்துகொள்ளத் தேவையான ஆய்வு முறை விவரங்களும் ரகசியத் தகவல் ஆகா." பின்பாதியையும் கேட்டு வாங்குங்கள். மருந்தின் அளவு, ஒப்பீட்டுக் குழு, விலக்கு விதிகள் ஆகியவற்றைச் சொல்லாமல் எந்த இதழும் கட்டுரையை ஏற்காது. இவை இருப்பது புரோட்டோகாலில், புரோட்டோகாலோ ஒவ்வொரு பக்கத்திலும் "ரகசியம்" என்ற முத்திரையோடு வரும். மறுபார்வையின்போது தன் ரகசியத் தகவலை நீக்கச் சொல்லும் உரிமையை ஸ்பான்சருக்குக் கொடுக்கலாம், ஆனால் முடிவுகளை அந்த உரிமை தொடக்கூடாது.

இன்னும் மூன்று இடங்களைப் புரட்டிப் பாருங்கள். ஒன்று, பேச்சு தொடங்கும் முன்பே புரோட்டோகாலைப் பார்ப்பதற்காக ஆய்வாளர் கையெழுத்திட்ட தனி ரகசிய உடன்படிக்கை. அது இன்னும் உயிரோடு இருந்தால் புதிய ஒப்பந்தத்தோடு முட்டும். "இந்த ஒப்பந்தம் முந்தைய உடன்படிக்கைகளை நீக்குகிறது" என்று எழுதுங்கள். இரண்டு, புரோட்டோகாலுக்குள் ஒளிந்திருக்கும் வெளியீட்டு விதி. இரண்டும் முரண்பட்டால் வெளியீட்டு விஷயத்தில் ஒப்பந்தமே செல்லும் என்று இருக்க வேண்டும். மூன்று, ஆய்வு முடிந்த பின்னும் நீடிக்கும் பகுதிகளின் பட்டியல். அதில் ரகசியக் காப்பு இருக்கும், வெளியீட்டு உரிமை விடுபட்டிருக்கும். கட்டுரை எழுதுவதே ஆய்வு முடிந்த பிறகுதான் என்பதால் இந்த விடுபடல் ஆபத்தானது.

தரவு கையில் இல்லாத உரிமை

2000 நவம்பரில் ஜாமா இதழில் ஒரு கட்டுரை வந்தது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கான ரெமியூன் என்ற தடுப்பு மருந்து பலன் தரவில்லை என்று அது சொன்னது. 77 மையங்கள், 2,527 நோயாளிகள். ஆய்வாளர்களிடம் வெளியிடும் உரிமை இருந்தது. ஆனால் தனக்குச் சாதகமான ஒரு பகுப்பாய்வைச் சேர்க்க வேண்டும் என்று நிறுவனம் கேட்டது, அவர்கள் மறுத்தார்கள், நிறுவனம் தரவின் ஒரு பகுதியைத் தராமல் நிறுத்திக்கொண்டது. கையிலிருந்த தரவை வைத்து அவர்கள் வெளியிட்டார்கள். நிறுவனம் 70 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு கேட்டு நடுவர் மன்றம் போனது.

தன் மையத்து நோயாளிகளின் தரவு மையத்திடமே இருக்கும். அதைத் தன் வெளியீட்டுக்குப் பயன்படுத்தலாம் என்று எழுதி வாங்குவது எளிது. கடினமானது முழு ஆய்வின் தரவு. 15 நோயாளிகளை மட்டும் கொண்ட மையம் எல்லாவற்றையும் கேட்டால் ஸ்பான்சர் தராது. ஆனால் கூட்டுக் கட்டுரையில் உங்கள் பெயர் வரப்போகிறது என்றால் கேட்டே ஆக வேண்டும். அதற்கு இதழ்களே துணை நிற்கின்றன. மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு, தரவு முழுவதும் ஸ்பான்சரின் கட்டுப்பாட்டில் இருக்கும் ஆய்வுகளையும், வெளியீட்டைத் தடுக்கும் அதிகாரம் ஸ்பான்சரிடம் உள்ள ஆய்வுகளையும் ஏற்க மாட்டோம் என்று 2001-இல் கூட்டாக அறிவித்தது. "முழுத் தரவையும் பார்த்தேன், அதன் நேர்மைக்குப் பொறுப்பேற்கிறேன்" என்று ஆசிரியர்களில் ஒருவராவது கையெழுத்திட வேண்டும் என்று பல இதழ்கள் கேட்கின்றன. பார்க்காத தரவுக்கு யாராலும் அப்படிக் கையெழுத்துப் போட முடியாது. இதை அமைதியாக ஸ்பான்சரிடம் சொன்னாலே பேச்சு நகரும், ஏனென்றால் நல்ல இதழில் வர வேண்டும் என்பது அவர்களின் விருப்பமும்கூட. கேட்க வேண்டிய அளவும் திட்டமானது: தரவுத்தளம் பூட்டப்பட்ட (இனி தரவில் எதையும் மாற்றக்கூடாது என்று முடித்துவைக்கப்பட்ட) 60 நாளுக்குள் பகுப்பாய்வுத் தரவுத்தொகுப்பும், புள்ளியியல் திட்டமும், குழுவைச் சேர்ந்த ஒரு புள்ளியியலாளர் மறுபடி கணக்கிட்டுப் பார்க்கும் உரிமையும்.

காத்திருக்கக்கூடாத ஒன்று

நோயாளியின் உயிரைத் தொடும் விஷயத்துக்கு 45 நாளும் கிடையாது, 5 நாளும் கிடையாது. கனடாவின் டொரன்டோவில் மருத்துவர் நான்சி ஒலிவியெரி, டெஃபெரிப்ரோன் என்ற மருந்தில் ஆபத்து தெரிவதாக 1996-இல் கண்டு நோயாளிகளுக்குச் சொல்ல முனைந்தபோது, சட்ட நடவடிக்கை எடுப்பதாக நிறுவனம் எச்சரித்தது. அவர் சொன்னார், 1998-இல் கட்டுரையும் வெளியிட்டார். அதற்கு அவர் பட்ட பாடு நீண்டது. எனவே வெளியீட்டுப் பகுதியிலும் ரகசியப் பகுதியிலும் இந்த விதிவிலக்கை எழுதுங்கள்: நோயாளிகளின் பாதுகாப்பைப் பாதிக்கும் எந்தத் தகவலையும் நோயாளிகளுக்கும், நெறிமுறைக் குழுவுக்கும், அரசு ஒழுங்குமுறை அமைப்புக்கும், சிகிச்சை தரும் மற்ற மருத்துவர்களுக்கும் உடனே தெரிவிக்க ஆய்வாளருக்கு உரிமை உண்டு, எந்தக் காலக்கெடுவும் இதைக் கட்டுப்படுத்தாது. மற்ற எதையாவது விட்டுக்கொடுத்துப் பேசலாம், இதைக் கூடாது.

சிறிய விஷயங்கள் சில. கட்டுரையின் ஆசிரியர் யார் என்பதை மருத்துவ இதழ் ஆசிரியர் குழுவின் வரையறைப்படி முடிவு செய்வோம் என்று ஒரு வரி போதும். எழுதிக்கொடுத்த தொழில்முறை எழுத்தாளரின் பெயரும் அவருக்குப் பணம் தந்தவரின் பெயரும் நன்றியுரையில் வர வேண்டும். முனைவர் பட்ட மாணவர் அந்தத் தரவில் வேலை செய்கிறார் என்றால், ஆய்வேட்டைத் தேர்வாளர்களிடம் ரகசியமாகச் சமர்ப்பிக்கத் தாமதம் பொருந்தாது என்று தனியாகக் கேளுங்கள்.

பேசும் வரிசை

பேரம் பேசும் பலம் ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரைதான். நோயாளிகள் சேர்ந்த பிறகு மாற்றம் கேட்டால் ஸ்பான்சருக்கு அவசரம் எதுவும் இல்லை. எனவே புரோட்டோகால் வந்த வாரத்திலேயே ஆய்வாளர் ஒப்பந்தப் பிரிவை அழைத்து, எவற்றில் விட்டுக்கொடுக்கலாம், எவற்றில் கூடாது என்று ஒரு பக்கத்தில் எழுதித் தர வேண்டும். ஒப்பந்தப் பிரிவு பொதுவாகக் கட்டணத்திலும் நஷ்டஈட்டிலும் கவனமாக இருக்கும். வெளியீடு பற்றி யாரும் வாய் திறக்காவிட்டால் ஸ்பான்சரின் வாசகம் அப்படியே நிற்கும். மருத்துவமனைக்கு மருத்துவமனை இது எவ்வளவு மாறுகிறது என்பதை, அமெரிக்காவில் 107 மருத்துவக் கல்வி நிறுவனங்களிடம் நடந்து 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆய்வு முடிந்தபின் தரவை வேறு யாருடனும் பகிரக்கூடாது என்ற தடையை 41 சதவீதம் ஏற்போம் என்றன, 34 சதவீதம் ஏற்க மாட்டோம் என்றன, மற்றவை தெரியவில்லை என்றன. ஆக, "எல்லோரும் இதில் கையெழுத்திடுகிறார்கள்" என்று மறுபக்கம் சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

வரைவைத் திருத்தி அனுப்பும்போது ஒவ்வொரு மாற்றத்தின் ஓரத்திலும் காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். மறுபக்கத்தில் படிப்பவர் பெரும்பாலும் இளநிலை அலுவலர். அவர் தன் மேலாளரிடம் எடுத்துச் சொல்ல அந்த ஒரு வரிதான் ஆயுதம். "எங்கள் கொள்கை" என்பதைவிட "ஒப்புதல் நிபந்தனை இருந்தால் இதழ் ஏற்காது" என்பது வேலை செய்யும். மறுத்தால், அவர்களின் உண்மையான பயம் எது என்று கேளுங்கள். பேட்டன்ட் என்றால் 60 நாள் கொடுங்கள். ரகசியம் என்றால் நீக்கும் உரிமை கொடுங்கள். தனி மையம் முந்துவதுதான் கவலை என்றால் கூட்டுக் கட்டுரைக்கு வழிவிடுங்கள். எல்லாம் கொடுத்த பிறகும் ஒப்புதல் அதிகாரமே வேண்டும் என்று நின்றால், அந்த ஆய்வை ஏற்காமல் விடுவதே சரி என்பது எங்கள் முடிவு. தன் உடலைச் சோதனைக்குத் தரும் நோயாளியிடம், உங்கள் பங்களிப்பால் மருத்துவம் முன்னேறும் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்குகிறோம். முடிவைப் பெட்டியில் பூட்டலாம் என்று இன்னொரு தாளில் ஒத்துக்கொண்டு, அந்த வாக்கைக் கொடுக்க முடியாது.

கையெழுத்தான பிறகும் ஒரு வேலை இருக்கிறது. அமெரிக்கப் பதிவுத் தளமான கிளினிக்கல்ட்ரையல்ஸ்.கவ்-இல் முடிவுகளைப் பதிவேற்றும்போது, முதன்மை ஆய்வாளரின் வெளியீட்டுக்குத் தடை போடும் ஒப்பந்தம் உண்டா என்று தனியாகக் கேட்கப்படுகிறது. 60 நாள்வரை தாமதம், 60-க்கு மேல் 180 நாள்வரை, வேறு வகைத் தடை என்று அது பிரித்துக் காட்டும். உங்கள் ஆய்வின் பக்கத்தில் என்ன பதிவாகியிருக்கிறது என்று பார்த்து, ஒப்பந்தத்தோடு ஒத்துப்போகாவிட்டால் ஸ்பான்சரிடம் திருத்தச் சொல்லுங்கள். கடைசி நோயாளியின் கடைசி வருகை முடிந்த அன்றே அந்தத் தேதியை ஸ்பான்சரிடம் மின்னஞ்சலில் உறுதிசெய்து கோப்பில் வையுங்கள். 12 அல்லது 18 மாதக் கணக்கு அன்றிலிருந்துதான் ஓடுகிறது. வரைவை அனுப்பும் நாளில் "இன்று பெற்றுக்கொண்டோம்" என்ற பதிலையும் கேட்டு வாங்கி அதன் அருகில் வையுங்கள்.